ஏழு நாளில் மூன்று ஏரிகள்: ஒரு மறுப்பு

எங்கள் வாசக வட்டத்தின் இளைய நண்பர் ஒருவர் லடாக் பயணத்துக்கென ஒரு திட்டம் வகுத்து, சென்ற மாதம் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். ஒரே பக்கம். முதல் நாள் தில்லியிலிருந்து விமானத்தில் லே. இரண்டாம் நாள் கார்துங் லா கணவாயைக் கடந்து நூப்ரா. மூன்றாம் நாள் ஷயோக் ஆற்றோரமாகப் பாங்கோங் ஏரி. நான்காம் நாள் சூஷூல் வழியே ஹான்லே. ஐந்தாம் நாள் சோ மோரிரி ஏரி. ஆறாம் நாள் சோ கர் ஏரியை எட்டிப் பார்த்தபடி லே திரும்புதல். ஏழாம் நாள் விமானம். 'ஏழு நாளில் மூன்று ஏரிகள்' என்று தலைப்பும் இட்டிருந்தார். கருத்துச் சொல்லும்படி கேட்டார், சொன்னோம். மனம் நொந்தார். வட்டத்தில் பெரும்பாலானோர் அவர் பக்கமே நின்றனர். 'நீங்கள் ஒருமுறை போய்வந்துவிட்டீர்கள், அடுத்தவரைத் தடுக்கிறீர்கள்' என்று ஒருவர் எழுதினார். அந்த வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதில். எழுதும் கை ஒன்று, கருத்து மூவருடையது. ஆகவே 'நாங்கள்'.

(பெயர்களை நண்பர் எழுதியபடியே தந்திருக்கிறோம். அந்த மொழியில் 'லா' என்றாலே கணவாய், 'சோ' என்றாலே ஏரி. 'சோ மோரிரி ஏரி' என்பது நம்மூரில் 'கேட்டு வாசல்' என்பதைப் போன்றது. தமிழ் படித்தவர்களாவது இதைக் கவனிக்கலாம். நிற்க.)

நாங்கள் போய்வந்தது உண்மை. 2016 ஜூனில் ஐந்து பேர் சென்றோம். நண்பரின் திட்டத்துக்கும் அன்று எங்கள் கையிலிருந்த திட்டத்துக்கும் ஹான்லே ஒன்றுதான் வேறுபாடு. அன்றைக்கு ஹான்லேயைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை; தெரிந்திருந்தால் அதையும் சேர்த்திருப்போம். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் தந்த அச்சிட்ட தாளில் ஓரிரு திருத்தம் செய்து, அதையே எங்கள் திட்டம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஐவரில் மூத்தவர் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த பேராசிரியர். லேயில் இறங்கிய அன்று மாலையே அவருக்குத் தலைவலி. 'பித்தம்' என்றார். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். நாங்களும் பித்தம் என்றே நம்பினோம்; நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது. லே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். அங்கே இறங்குபவர்கள் குறைந்தது இரண்டு நாள் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அன்றும் எல்லோரும் அறிந்த அறிவுரைதான். மறுநாள் காலையில் கார்துங் லாவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நூப்ராவில் இறங்கியதும் அவர் முகம் தெளிந்தது. அது லேயைவிடத் தாழ்ந்த பள்ளத்தாக்கு. 'பார்த்தீர்களா, பித்தம்தான்' என்றார். மூன்றாம் நாள் அவரைச் சுமார் 4,250 மீட்டரில் இருக்கும் பாங்கோங் கரைக்குக் கொண்டுபோனோம். ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல்.

அந்தியில் ஏரி, எல்லோரும் சொல்லும் நிறங்களையெல்லாம் காட்டியது. நாங்கள் கரையோரம் நடந்தபடி ஒருவரையொருவர் கவிதைகளால் துன்புறுத்திக்கொண்டிருந்தோம். மூத்தவர் கூடாரத்தை விட்டு வரவில்லை. இரவு பதினொன்றுக்கு இருமல் தொடங்கியது. நள்ளிரவுக்குப் பின் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுவிட்டார். உதடுகள் கறுத்திருந்தன. மார்பிலிருந்து நீர் கொதிப்பது போன்ற ஓசை வந்தது. எங்களில் எவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. வண்டியில் உறங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் அந்த இருமலைக் கேட்டே எழுந்து வந்தார். ஒரு நிமிடம் காது கொடுத்தார். 'விடியும்வரை காத்திருக்கக் கூடாது' என்று இந்தியில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பப் போனார்.

பாங்கோங்கைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் பாங்கோங்கிலிருந்து லேயின் மருத்துவமனைக்கு இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும்; நடுவே சாங் லா, 5,300 மீட்டருக்கு மேல். மூச்சுத் திணறுபவரை அவர் எந்த உயரத்தில் திணறினாரோ அதைவிட ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோய்த்தான் கீழே கொண்டுவர முடியும். இது ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர் லேயை நோக்கி ஓட்டவில்லை. ஏரியைவிட முந்நூறு மீட்டர்போலத் தாழ்ந்த தாங்ட்ஸே கிராமத்துக்கு இருட்டில் ஓட்டினார். அங்கே பிராணவாயு கிடைத்தது. விடிந்தபின் உருளையோடு சாங் லாவைக் கடந்தோம். லேயில் நான்கு நாள் மருத்துவமனை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

மூத்தவர் பிழைத்தார். பயணம் அத்தோடு முடிந்தது. எனவே 'போய்வந்துவிட்டீர்கள்' என்ற அன்பருக்கு ஒரு திருத்தம்: சோ மோரிரியை நாங்கள் பார்க்கவே இல்லை.

இதைவிட வெட்கத்துக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. இரண்டு மாதம் கழித்து எங்களில் ஒருவர் சிறுபத்திரிகை ஒன்றில் பாங்கோங் குறித்துப் பதினொரு பக்கக் கட்டுரை எழுதினார். பலரும் பாராட்டினர். அதில் நீலம் இருந்தது, பிரபஞ்சம் இருந்தது, மௌனம் ஒன்பது இடங்களில் இருந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தோம். இருமல் இல்லை. தாங்ட்ஸே இல்லை. ஓட்டுநர் 'வண்டி நின்றது', 'வண்டி புறப்பட்டது' என்ற அளவில் மட்டும் இருந்தார். கட்டுரையின் ஒருமை குலையும் என்று அந்த இரவு விலக்கப்பட்டதாம். அச்சுக்குப் போகுமுன் மற்ற நாங்களும் அதைப் படித்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை எழுதியவர் இந்த மூவருள் ஒருவர். யார் என்பது முக்கியமல்ல, மூவரும் உடந்தை.

எங்கள் குற்றச்சாட்டு இதுதான். ஏழு நாள் அட்டவணையும் மௌனக் கட்டுரையும் வேறுவேறு அல்ல. ஒன்று மற்றொன்றைப் பெறுகிறது. ஓர் ஏரிக்கு ஒரு பிற்பகலும் ஓர் இரவும் ஒதுக்கியவனிடம் எழுதுவதற்கு நிறம் தவிர வேறென்ன இருக்கும்? மொழி தெரியாது, வீட்டுக்குள் போகவில்லை, எவர் பெயரும் கேட்கவில்லை. அவன் கேட்ட மௌனம் ஏரியுடையது அல்ல. பேச ஆள் தேடாதவனின் மௌனம். அதைத் தரிசனம் என்று பெயரிட்டு நம் பத்திரிகைகள் அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன.

கார்துங் லாவின் பெயர்ப்பலகை நெடுங்காலம் 18,380 அடி என்று சொல்லிவந்தது. அளந்தவர்கள் சொல்வது சுமார் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. 'உலகின் மிக உயரமான வாகனச் சாலை' என்ற பெருமையையும் பின்னர் போடப்பட்ட வேறு சாலைகள் கொண்டுபோய்விட்டன. ஆயினும் நம் கட்டுரைகளில் அந்தப் பழைய எண் இன்றும் உயிரோடு இருக்கிறது. பலகையைப் படம் எடுத்தவன் பலகையை நம்புகிறான். பாங்கோங் கரையில் 2009இல் வெளிவந்த ஓர் இந்திப் படத்தின் இறுதிக் காட்சியில் வந்த மஞ்சள் ஸ்கூட்டரின் சாயலில் ஸ்கூட்டர்களை நிறுத்தி வைத்துப் படமெடுக்கக் காசு வாங்குகிறார்கள். அதை எள்ளி நகையாடும் இலக்கியவாதி தன் கட்டுரையில் செய்வதும் அதேதான். ஸ்கூட்டருக்குப் பதில் மௌனம்.

மலைப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் நூல் தமிழில் இல்லையா? எங்கள் தொழில் தமிழ் நடத்துவது என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. பத்துப்பாட்டின் மலைபடுகடாம் வேறென்ன? பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், செங்கண்மாவின் நன்னனிடம் போகவிருக்கும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். அவன் முதலில் சொல்வதில் பெரும்பகுதி ஆபத்து. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், பாம்பு எங்கே கிடக்கும், பாறை எங்கே வழுக்கும். பிறகு இரவு எவர் வீட்டில் தங்கலாம், அவர்கள் என்ன உண்ணத் தருவார்கள் என்பது. நன்னனின் பெருமை வழிநெடுக வந்தாலும் நன்னனை அடைவது கடைசியில்தான். மலையின் அழகும் உண்டு, வேண்டிய மட்டும் உண்டு; ஆனால் அது கால் வைக்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னபின் வருகிற அழகு. மலையில் எழும் ஓசைகளையெல்லாம் அடுக்கிச் சொன்ன அந்தப் புலவருக்கு மௌனம் என்ற சொல் தேவைப்படவில்லை.

ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்துகிறோம். ஆற்றுப்படை இலக்கணத்தைத் தேர்வுக்கு எழுத வைக்கிறோம். பிறகு விடுமுறை விட்டதும் ஏற்பாட்டாளரின் தாளை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுகிறோம். அந்தத் தாளில் ஒரு மனிதர்கூட இல்லை, ஓர் எச்சரிக்கை இல்லை, உணவு இன்னதென்று இல்லை. இடங்களின் பெயர்களும் கிலோமீட்டர்களும் மட்டுமே.

அறிவியலும் அந்தக் கூத்தன் பக்கமே நிற்கிறது. லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சோ மோரிரியின் கரையில் நூற்றுக்கு அறுபதுக்கும் குறைவு. உடல் முதலில் வேகமாக மூச்சு வாங்குகிறது. அதனால் இரத்தத்தில் நேரும் மாற்றத்தைச் சிறுநீரகம் சரிசெய்ய இரண்டு மூன்று நாளாகிறது. சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரங்கள். இதில் இளமையோ உடற்பயிற்சியோ சலுகை வாங்கித் தராது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் நில் என்பது மருத்துவம் சொல்லும் பொதுவிதி. பகலில் எவ்வளவு ஏறினாய் என்பதைவிட எங்கே தூங்கினாய் என்பதே பெரிய கணக்கு. ஆகவே மலைநாட்டுத் திட்டம் இரவுகளால் எழுதப்பட வேண்டும், இடங்களால் அல்ல. நண்பரின் திட்டத்தை இரவுகளாக மாற்றி எழுதிப் பாருங்கள்: 3,500, 3,100, 4,250, 4,300, 4,500. மூன்றாம் எண்ணில்தான் எங்கள் மூத்தவர் விழுந்தார்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: கல்லூரி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை உண்டு, மற்றவர்களுக்கு வருடத்தில் ஒரு வாரம் கிடைத்தால் பெரிது. இது நியாயமான வாதம். இதை எழுதிய நண்பர் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர்; அவரது விடுப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு அருகதை இல்லை. ஆயினும் எங்கள் பதில் கடுமையானது. ஏழு நாள்தான் உண்டென்றால் ஏரிக்குப் போகாதீர்கள். லேயில் இறங்கியவுடன் வண்டி பிடித்து மேற்கே ஆல்ச்சிக்குப் போங்கள். எழுபது கிலோமீட்டருக்குள், சிந்து நதிக்கரை, சுமார் 3,100 மீட்டர். லேயைவிடத் தாழ்வு, ஆகவே முதல் இரவுக்கு உகந்தது. அங்குள்ள சும்ட்ஸெக் கோயிலின் சுவரோவியங்கள் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழையவை; காஷ்மீரத்தில் அழிந்துபோன ஓவிய மரபொன்று அங்கே சுவரில் இருக்கிறது. மூன்று நாள் அங்கே, மூன்று நாள் லேயில். ஏரி இல்லாத லடாக் பயணமா என்று கேட்கலாம். ஆம், ஏரி இல்லாத லடாக் பயணம்தான். பாங்கோங் உங்களுக்காகக் காத்திருக்கும் பொருள் அல்ல. அது 2020இல் எல்லைப் பதற்றம் மூண்ட இடம். அதன் கரையில் ஆடு மேய்ப்பவர்கள் மேய்ச்சல் நிலம் சுருங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இடம். நீங்கள் பார்க்காவிட்டாலும் அது இருக்கும்.

இரண்டாவது: மெதுவான பயணம் பணக்காரர்களின் புதிய பொழுதுபோக்கு. இப்படிச் சொல்பவர்கள் லடாக்கில் பணம் எதில் கரைகிறது என்று பார்த்ததில்லை. லேயில் வாடகை வண்டிகளுக்குத் தடம் வாரியாக நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஒவ்வொரு கணவாயும் ஒரு செலவு. ஓரிடத்தில் ஐந்து நாள் இருப்பவன் ஓடிக்கொண்டே இருப்பவனைவிடக் குறைவாகவே செலவழிக்கிறான். செலவழிப்பதும் கூடார முதலாளியிடம் போகாமல் தங்கிய வீட்டுக்குப் போகிறது. ஆனால் 'மெதுவான பயணம்' என்பதையே விற்பனைச் சரக்காக்கி, கண்ணாடிக் கூரைக் கூடாரத்தில் பருகத் தேநீர் தருபவர்களும் வந்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர்களோடு எங்களுக்கு உறவில்லை.

மூன்றாவது, அங்குள்ள மக்களுக்குக் கூட்டம் வேண்டும், நீங்கள் யார் தடுக்க என்பது. எங்களை மிகவும் யோசிக்க வைத்த வாதம் இது. 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள்தொகை 2.74 லட்சம். 2022ஆம் ஆண்டு மட்டும் வந்த பயணிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டினர். ஆண்டுக்குச் சுமார் நூறு மில்லிமீட்டர் மழை பெய்யும் பாலைநிலத்தில், நீரில்லாத மரபுக் கழிப்பறைகளோடு வாழ்ந்த ஊரில், விடுதிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டிக் குளியலறைக்கு நீர் தருகின்றன. கூட்டத்தால் பிழைப்பவரும் அங்கே உண்டு. கூட்டத்தால் கிணறு வற்றுபவரும் உண்டு. இரண்டும் ஒருவரேயாக இருப்பதும் உண்டு. 2019இல் ஒன்றியப் பகுதியானது முதல் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்புக் கேட்டு அவர்கள் போராடிவருவதில் நிலமும் நீரும் எவர் பொறுப்பில் என்ற கேள்வி இருக்கிறது. அதை அவர்கள்தாம் தீர்க்க வேண்டும். எங்களால் சொல்லக்கூடியது ஒன்றே. ஐந்து நாள் தங்குபவனும் நீர் குடிப்பவன்தான்; மெதுவாகப் போவதால் எவனும் புண்ணியவானாகிவிடுவதில்லை. ஆனால் மூன்றாம் நாள் வாளியில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நேர்கிறது. ஓர் இரவு தங்குபவனுக்கு அந்த வாய்ப்பில்லை.

கூடாரங்களின் எச்சில் இலைக்கு இன்னொரு பக்கம் உண்டு. முகாம்கள் கொட்டும் உணவில் பெருகிய தெருநாய்கள் சாங்தாங்கின் ஈரநிலங்களில் கருங்கழுத்துக் கொக்கின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. தரையில் கூடு கட்டும் பறவை அது. 2022இல் பாங்கோங் நீருக்குள் சொகுசு வண்டியை ஓட்டிய காணொளி ஊரெங்கும் பரவியபோது எல்லோரும் கொதித்தோம். நாய்களுக்காக எவரும் கொதிக்கவில்லை. நாம் மிச்சம் வைத்த சப்பாத்திதான் அது என்பதாலோ என்னவோ.

விரைவே இக்காலத்தின் நோய், முன்னோர் நிதானமானவர்கள் என்று நாங்கள் பாடவரவில்லை. முன்னோருக்கு வேறு வழியில்லை. ஆனாலும் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். ஹங்கேரிய மொழியின் வேர் தேடிப் புறப்பட்ட சோமா த கொரோஸ் 1822இல் லே வந்தார். அவர் திட்டம் யார்க்கண்டுக்குப் போவது. அது நடக்கவில்லை. திரும்பும் வழியில் மூர்கிராஃப்டைச் சந்தித்தார். மத்திய ஆசியாவுக்கு வழி திறக்கக் காத்துக் கிடந்த இன்னொருவர். அதன் விளைவாக, 1823 கோடை முதல் ஓராண்டுக்கும் மேலாக ஸான்ஸ்கரின் ஸாங்லா என்ற சிற்றூரில், ஒரு லாமாவின் உதவியோடு, தீ மூட்டாத அறையில் அமர்ந்து திபெத்திய மொழி கற்றார். 1834இல் கல்கத்தாவில் அவரது அகராதியும் இலக்கணமும் வெளிவந்தன. திட்டம் சிதைந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டவர் அவர். அகராதி வேண்டாம், நம் பயணிகள் பத்துச் சொற்களோடு திரும்பட்டுமே. வறுத்த பார்லி மாவுக்கு அங்கே என்ன பெயர், வெண்ணெய்த் தேநீருக்கு என்ன பெயர் என்று எழுதிய தமிழ்க் கட்டுரையைப் படிக்க ஆசைப்படுகிறோம். 'ஜூலே' என்ற வணக்கச் சொல் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மறுப்பதோடு நின்றால் அது வெறும் வம்பு. எனவே வரும் மே மாத இறுதிக்கு நாங்கள் வகுத்திருப்பதையும் வைக்கிறோம். நண்பர் கிழித்துப் போடலாம். ஸ்ரீநகரில் ஓர் இரவு, 1,600 மீட்டர். சோனமார்கில் இரண்டு, 2,700. ஸோஜி லாவைக் கடந்து கார்கிலில் இரண்டு, ஏறத்தாழ அதே உயரம். ஆல்ச்சியில் இரண்டு. லேயில் மூன்று. சிந்துவை எதிர்த்துக் கிழக்கே போய் வெந்நீர் ஊற்றுள்ள சுமதாங்கில் இரண்டு, சுமார் 4,000. அதன்பின் மாஹே பாலம் தாண்டி, சோ மோரிரியின் மேற்குக் கரையில் உள்ள கோர்சோக் கிராமத்தில் ஐந்து. பாங்கோங் இல்லை, நூப்ரா இல்லை, கார்துங் லா இல்லை. மணாலிச் சாலையை விலக்கியதற்குக் காரணம் அதன் வழக்கமான முதல் தங்கல். சர்ச்சுவில் ஒரே தாவலில் 4,200 மீட்டருக்கு மேல் தூங்க வேண்டியிருக்கும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பின் ஸ்ரீநகர் வழியைப் பலர் அஞ்சுகிறார்கள்; வீட்டாரும் அஞ்சுகிறார்கள். நிலைமை சரியில்லையென்றால் விமானத்தில் லே இறங்கி நேரே ஆல்ச்சியில் நான்கு இரவு என்று மாற்றிக்கொள்வோம்.

கோர்சோக்கில் ஐந்து நாள் என்ன செய்வீர்கள் என்று வட்டத்தில் சிரித்தார்கள். எங்களில் ஒருவருக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். அருகே கூந்தன்குளம். குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்துகள் வரும். பறவைகளுக்காக ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது பலரும் அறிந்ததுதான். கோடை தொடங்கியதும் வாத்துகள் போய்விடும். எங்கே போகின்றன என்று சிறுவயதில் கேட்டவருக்கு 'இமயமலைக்கு அந்தாண்ட' என்று பாட்டி சொன்ன பதில்தான் நெடுங்காலம் தெரியும். மங்கோலியா, திபெத், லடாக் ஏரிகளில் அவை முட்டையிடுகின்றன; சோ மோரிரி அவற்றுள் ஒன்று. அந்த வாத்துகள் உயரே ஏறி நேர்க்கோட்டில் மலையைத் தாண்டுவதில்லை, நிலத்தின் மேடுபள்ளத்தை ஒட்டி ஏறியும் இறங்கியுமே போகின்றன என்று 2015இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அவற்றின் கூட்டைத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டும். சாங்பா இடையர்கள் ஆடுகளை இரு வரிசையாகக் கழுத்தோடு கழுத்து கட்டிப் பால் கறப்பார்கள் என்று படித்திருக்கிறோம். அதையும் பார்க்க வேண்டும், அவர்கள் அனுமதித்தால். மீதி நேரம் சும்மா இருப்போம். ஐந்து நாளும் உடல் ஒத்துக்கொள்ளாமல் படுத்துக் கிடக்கவும் நேரலாம். அப்படியானால் சுமதாங்குக்கு இறங்கிவிடுவோம். கோர்சோக்கிலிருந்து சிந்துக்கரைக்கு இறங்கும் வழியில் சாங் லா போன்ற ஒன்று குறுக்கே இல்லை. இந்த ஏரியைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2016இல் வண்டி ஓட்டியவரோடு இப்போது பேசினோம். இம்முறையும் அவரே வருகிறார். அவர் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். 'அன்று நான் செய்தது வேலை' என்றார். முன்பு பெயர் கேளாமல் விட்டோம். இப்போது கேட்டும் எழுத முடியவில்லை. பரவாயில்லை, திட்டத்தை அவருக்குப் படித்துக் காட்டினோம். சுமதாங்கில் இரண்டு இரவு போதுமா, மூன்றாக்கலாமே என்றார். மூன்றாக்கிவிட்டோம், கோர்சோக் நான்காயிற்று.

மூத்தவருக்கும் செய்தி அனுப்பினோம். மருத்துவர் ஒப்பினால் சோனமார்க் வரை வந்து, அங்கே இரண்டு இரவு எங்களோடு இருந்துவிட்டு, நாங்கள் ஸோஜி லா ஏறும் காலையில் ஸ்ரீநகர் திரும்பிவிடுவதாக எழுதியிருக்கிறார். பயணச்சீட்டைத் தானே எடுத்துக்கொள்வாராம்.